சொட்டுச் சொட்டாகக் கறுப்பு எண்ணெய்: லோரி எஞ்சின் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு சொட்டு எண்ணெய் எவ்வளவு இருக்கும்?

மருந்து ஊற்றும் சிறு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டினால் சுமார் 20 சொட்டுகள் சேர்ந்து ஒரு மில்லிலிட்டர் ஆகும். எண்ணெய்ச் சொட்டு அதைவிடச் சிறியது. எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. அதனால் சொட்டு பெருப்பதற்குள் அறுந்து விழுந்துவிடுகிறது. கணக்குக்காக ஒரு மில்லிலிட்டருக்கு 30 சொட்டு என்று வைத்துக்கொள்வோம்.

நிறுத்தி வைத்த லோரியின் அடியில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். எனவே 1,440 சொட்டுகள், அதாவது 48 மில்லிலிட்டர். முப்பது நாளில் 1,440 மில்லிலிட்டர், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். 'சும்மா ஒரு சொட்டுதானே' என்று ஓட்டுநர் விட்டுவிட்ட கசிவு இது.

மூன்று டன் லோரியின் எஞ்சின் சுமார் பத்து லிட்டர் எண்ணெய் கொள்ளும். கொள்கலன் இழுக்கும் பெரிய லோரி முப்பது லிட்டரையும் தாண்டும். ஆனால் அளவுக்குச்சியில் இருக்கும் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே சில லிட்டர் மட்டுமே இருக்கும். கீழ்கோட்டுக்கும் வெகுவாகக் கீழே எண்ணெய் இறங்கிவிட்ட லோரி ஒன்று காராக் நெடுஞ்சாலையில் பாரத்துடன் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச எண்ணெய் தொட்டியின் பின்பக்கம் சாயும். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய்க்குக் காற்று கிடைக்கலாம். அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள 1883-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

கசிந்த எண்ணெய் சொன்ன ரகசியம்

செந்தூல்காரர்களுக்கு ரயில் புதியதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மலாயா ரயில்வேயின் மையப் பட்டறை அங்கேதான் இருந்தது. அதைச் சுற்றி ரயில்வேயில் வேலை செய்த தமிழர்களின் குடியிருப்புகள் வளர்ந்தன. முதலில் நீராவி எஞ்சின்களுக்கும், பின்னர் வந்த டீசல் மின் எஞ்சின்களுக்கும் அங்கு எண்ணெய் பார்த்திருக்கிறார்கள். இன்று பழைய பட்டறைக் கட்டடங்கள் ஓய்ந்துவிட்டன. பெரிய பழுதுபார்ப்பு வேலை பேராக்கின் பத்து காஜாவுக்குப் போய்விட்டது. அந்தப் பட்டறையில் கை வைத்தவர்கள் எல்லாருக்கும் பழக்கமான ஒரு பாகம்தான் அச்சுத் தாங்கி. சுழலும் அச்சின்மேல் உட்கார்ந்து பெட்டியின் பாரத்தைச் சுமக்கும் வளைந்த உலோகத் துண்டு அது.

இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் இப்படிப்பட்ட தாங்கி ஒன்றை வைத்து உராய்வை அளந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் மூழ்கியிருந்தது. மேலிருந்தும் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே வந்து வழிந்தது. எண்ணெய் உள்ளே போக வேண்டிய துளையிலிருந்து வெளியே வருகிறதே! தக்கையை வைத்து அடைத்தார். தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டது.

எரிச்சலடைந்து கைவிட்டிருக்கலாம். டவர் அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். தாங்கி சுமந்த பாரத்தை அதன் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மானியின் முள்ளோ 200-ஐத் தாண்டிப் போனது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் பதினான்கு மடங்கு! உலோகம் உலோகத்தின்மேல் உட்காரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இடையிலிருந்த எண்ணெய்ப் படலம் முழுப் பாரத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இதற்கான கணிதத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வெளியிட்டார். அச்சுக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் ஆப்பு போல இருக்கும். சுழலும் அச்சு பிசுபிசுப்பான எண்ணெயை ஒடுங்கிய பக்கம் இழுத்துச் செல்கிறது. தப்பிக்க இடமில்லாத எண்ணெய் அழுத்தம் பெற்று அச்சைத் தூக்குகிறது. மழை நாளில் வேகமாகப் போகும் காரின் டயர் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குவதும் இதே ஆப்பினால்தான். சாலையில் நமக்கு எதிரியாக இருக்கும் விதி எஞ்சினுக்குள் நண்பனாக இருக்கிறது.

லோரியின் சுழல்தண்டும் இப்படித்தான் மிதக்கிறது. அந்தப் படலத்தின் தடிப்பு சில மைக்ரோமீட்டர்தான், தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது. எண்ணெய்ப் பம்பின் வேலை பாரத்தைத் தூக்குவதல்ல, ஆப்புக்குத் தீனி போடுவது. பம்பு காற்றை உறிஞ்சினால் தீனி நின்றுவிடும். படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். சில நிமிடங்களில் தாங்கியின் மென்மையான உலோகப்பூச்சு உருகி இழுபடும். ஒன்றரை லிட்டர் எண்ணெயின் விலை எங்கே, எஞ்சினைப் பிரித்துச் சுழல்தண்டைக் கடைந்து போடும் செலவு எங்கே!

நம் ரப்பர் ஏன் உதவாது?

எஞ்சின் ஒரே வார்ப்பில் செய்த பெட்டியல்ல. மேலே வால்வு மூடி, கீழே எண்ணெய்த் தொட்டி, பக்கத்தில் வடிகட்டி, எண்ணெய்க் குளிரூட்டி, டர்போவுக்குப் போகும் குழாய்கள் எனப் பல பாகங்கள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கின்றன. எவ்வளவு நன்றாகக் கடைந்தாலும் இரண்டு உலோகப் பரப்புகள் முழுமையாகப் பொருந்தா. இடையே கேஸ்கெட் என்னும் மென்மையான அடைப்பு வேண்டும். சுழல்தண்டு வெளியே எட்டிப்பார்க்கும் முன்முனையிலும் பின்முனையிலும் ஆயில் சீல் என்னும் வளையம் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ரப்பர் வகை.

மலாயாவின் தோட்டங்களில் நம் முன்னோர் பால் வெட்டி எடுத்த இயற்கை ரப்பரை வைத்து ஆயில் சீல் செய்யலாமா? கூடாது. காரணம் எளிய வேதியியல். இயற்கை ரப்பர் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலி. கனிம எண்ணெயும் அதே இனம். இரண்டும் முனைவற்ற மூலக்கூறுகள். ஒத்தது ஒத்ததில் கரையும் என்பதால் எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பர்ச் சங்கிலிகளுக்கிடையே நுழைந்து உட்கார்ந்துவிடும். ரப்பர் ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று வலுவிழக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவிலான இரண்டு ரப்பர் பட்டைகளை எடுங்கள். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதைக் குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலிலும் போட்டு வையுங்கள். பேபி ஆயில் பெரும்பாலும் சுத்திகரித்த கனிம எண்ணெய்தான். ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று எடுத்துத் துடைத்து நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பார்க்கும்போது எது சுலபமாக அறுகிறது என்பதையும் எழுதுங்கள்.

எஞ்சினில் நைட்ரைல் ரப்பர் பயன்படுவது இதனால்தான். அதன் சங்கிலியில் நைட்ரஜன் கொண்ட முனைவுள்ள தொகுதிகள் இருப்பதால் எண்ணெய் எளிதில் நுழைய முடியாது. ஆனால் 100 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் நீண்ட காலம் கிடந்தால் அதுவும் இறுகிப்போகும். சூடு அதிகமுள்ள இடங்களில் ஃபுளோரின் கலந்த ரப்பரைப் போடுகிறார்கள். அது சுமார் 200 பாகை வரை தாங்கும், விலையும் அதற்கேற்ப.

கசிவு தொடங்குவது பெரும்பாலும் இந்த இறுக்கத்தினால்தான். பல ஆண்டுகள் நசுங்கியே கிடந்த ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணத்தை இழந்துவிடும். எஞ்சின் சூடானால் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும். இளம் ரப்பர் கூடவே விரிந்து சுருங்கி இடைவெளியை நிரப்பும். கிழட்டு ரப்பர் அசையாது. காலையில் கசிந்து, எஞ்சின் சூடானதும் நின்றுவிடும் கசிவுகள் இந்த வகை.

ரப்பரின்மேல் தவறே இல்லாத கசிவும் உண்டு. டீசல் எஞ்சின் காற்றைத் தன் கன அளவில் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்கும். அந்த அழுத்தத்தில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அதை வெளியேற்ற ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அதில் கசடு அடைத்துக்கொண்டால் எஞ்சினின் உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வால்வு மூடியை எடுத்துக்கொள்வோம். உள்ளழுத்தம் 5 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே கூடியதாக வைத்துக்கொண்டாலும், மூடியை மேலே தள்ளும் விசை 1,000 நியூட்டன். நூறு கிலோ ஆள் ஒருவர் உள்ளிருந்து தள்ளுவது போல! புதுக் கேஸ்கெட் போட்ட மறுவாரமே மறுபடி சொட்டினால் நல்ல மெக்கானிக் முதலில் இந்த மூச்சுக்குழாயைத்தான் பார்ப்பார்.

எங்கே சொட்டுகிறதோ அங்கே ஓட்டை இல்லை

முதல் கேள்வி, கீழே கிடப்பது எஞ்சின் எண்ணெய்தானா? இரவு முழுக்க லோரியின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். கறுப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய். மலாயில் அதை 'மினியாக் ஹித்தாம்' என்றே சொல்கிறோம். டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள் எண்ணெயில் கலந்து மிதப்பதே அந்தக் கறுப்புக்குக் காரணம். துகள்கள் ஒன்றுசேர்ந்து படியாமல் வைத்திருக்கவே எண்ணெயில் மருந்து கலந்திருக்கிறார்கள். ஆகவே டீசல் எண்ணெய் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். தேன் நிறமும் கந்தக வாடையும் இருந்தால் கியர் எண்ணெய். சிவப்பென்றால் பெரும்பாலும் ஸ்டீயரிங் எண்ணெய் அல்லது தானியங்கிக் கியர் எண்ணெய். பச்சையோ இளஞ்சிவப்போ நீர்த்திருந்தால் ரேடியேட்டர் நீர். அதை நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது, நச்சு. மெல்லியதாக டீசல் வாடை அடித்தால் எரிபொருள் கசிவு. அது வேறு கதை, அவசரமான கதை.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது? புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. ஓடும்போது விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் பின்னால் தள்ளுகின்றன. மெல்லிய இடுக்குகளில் நுண்புழைக் கவர்ச்சியால் பக்கவாட்டிலும் ஊர்கிறது. எனவே எஞ்சினின் உச்சியில் வால்வு மூடியின் பின்மூலையில் கசிந்த எண்ணெய், எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் வந்து சொட்டும். அங்கே சொட்டினால் பட்டறையில் முதலில் வரும் பேச்சு, "அண்ணே, பின் சீல் போயிருச்சு" என்பதுதான். பின் சீலை மாற்றக் கியர்பெட்டியை இறக்க வேண்டும். லோரி ஓடாத ஒவ்வொரு நாளும் அந்த ஓட்டுநருக்குக் கூலி இல்லை. இறக்கி, மாற்றி, ஏற்றி, பணம் கொடுத்த பிறகும் அதே சொட்டு விழுந்தால் எப்படியிருக்கும்? மேலே ஒரு போல்ட் தளர்ந்திருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரியவரும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, முதலில் கழுவுவது. ஆறிய எஞ்சினில் பழைய எண்ணெயும் தூசியும் ஒட்டிய பசையை நீக்கித் துடைத்து உலர்த்த வேண்டும். மின் இணைப்புகளையும் காற்று உள்ளே போகும் வழியையும் மூடிக்கொள்ள வேண்டும். பிறகு எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, டார்ச் விளக்கால் மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளி எதுவோ, அதுதான் ஊற்று. கண்ணுக்குத் தெரியாவிட்டால் சந்தேகமுள்ள இடத்தில் முகப்பவுடரைத் தூவலாம். எண்ணெய் ஊறும் கோடு அதில் கறுப்பாகத் தெரியும். அதற்கும் பிடிபடாவிட்டால், எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து புற ஊதா விளக்கடித்துப் பார்ப்பார்கள். கசிந்த இடம் மஞ்சள் பச்சையாக மின்னும்.

இதையெல்லாம் பயிற்சி பெற்ற பெரியவர்கள் செய்ய, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி நிற்கும் லோரியின் அடியிலும், பூட்டுக் கம்பி போடாமல் சாய்த்து வைத்த முன்கூண்டின் கீழும் யாரும் நுழையக் கூடாது.

இறுக்கினால் போதுமா?

கசிவைக் கண்டதும் கை போல்ட்டைத்தான் தேடும். 'இன்னும் ஒரு சுற்று' என்ற பழக்கம் எத்தனையோ வால்வு மூடிகளைக் கெடுத்திருக்கிறது. தகட்டு மூடியில் போல்ட்டை அதிகமாக இறுக்கினால் போல்ட்டின் அடியில் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மேலெழும்பும். கேஸ்கெட் ஓரிடத்தில் பிதுங்கி இன்னோரிடத்தில் தளரும். இறுக்கிய பிறகு கசிவு கூடுவது இதனால்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் நியூட்டன் மீட்டரில் கொடுத்திருப்பார். முறுக்குவிசை காட்டும் சாவியால், நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, எதிரெதிராக இறுக்குவதே முறை.

எண்ணெய் வடிக்கும் திருகில் ஒரு செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். நசுங்கித்தான் அது அடைக்கிறது, எனவே எண்ணெய் மாற்றும்போதெல்லாம் புதியது போடுவது நல்லது. பழைய மெக்கானிக்குகள் செம்பு வாஷரைச் சிவக்கச் சூடாக்கி மறுபடி போடுவார்கள். நசுங்கி இறுகிய செம்பின் படிகங்கள் சூட்டில் புதிதாக அமைந்து உலோகம் மறுபடி மென்மையாகும். அறிவியல் சரியானதுதான். புது வாஷரின் விலையைப் பார்த்தால் இன்று அந்தச் சிரமம் வேண்டியதில்லை.

வடிகட்டி மாற்றிய உடனே கசிந்தால் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதன்மேல் புது வளையம் ஏறி உட்கார்ந்திருக்கும். இது சாதாரணக் கசிவல்ல. வால்வு மூடியிலும் அடித்தொட்டியிலும் எண்ணெய்க்குப் பெரிய அழுத்தம் இல்லை, வழிந்துதான் வரும். வடிகட்டி, குளிரூட்டி, டர்போவுக்குப் போகும் குழாய், அழுத்த உணரி ஆகியவை பம்பின் நேரடி அழுத்தத்தில் இருப்பவை. அங்கே சிறு ஈரம் தெரிந்தாலும் அது திடீரெனப் பீய்ச்சியடித்து, சில கிலோமீட்டரில் தொட்டியையே காலி செய்துவிடும். கசிவு சிறியதா பெரியதா என்று சொட்டின் அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. எந்தப் பக்கத்துச் சொட்டு என்பதுதான் கேள்வி.

டர்போவின் மேலோ புகைப்போக்கியின் மேலோ சொட்டும் எண்ணெயும் அப்படித்தான். பாரத்துடன் மலையேறும்போது டர்போவின் சூட்டுப்பகுதி 500 பாகையைத் தாண்டலாம். எஞ்சின் எண்ணெய் 400 பாகைக்குக் கீழேயே தானாகத் தீப்பற்றக்கூடியது. அந்த லோரி பட்டறையை விட்டு நகரக் கூடாது. எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலும் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். 'அடுத்த ஓய்விடம் வரை போய்விடலாம்' என்பதற்கு எஞ்சின் காத்திருக்காது.

சிறு கசிவு என்று உறுதியான பிறகு, பழுது பார்க்கும் நாள் வரை லோரியை ஓட்டலாம். ஆனால் தினமும் காலையில், சமமான தரையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவுக்குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் சுழல்தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரையை வைத்து ஆப்பு கட்ட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கீழே சொட்டுகிறது, ஆனால் குச்சியில் அளவு குறையவே இல்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். எரிபொருள் உள்ளே இறங்கி எண்ணெயோடு கலந்துகொண்டிருக்கலாம். டீசல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போய்ப் பிசுபிசுப்பை இழக்கும்.

கடைகளில் விற்கும் கசிவு நிறுத்தும் மருந்துகள் பலவும் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைத்து அடைப்பவை. மேலே சொன்ன ரப்பர் பட்டைச் சோதனையின் மறுபக்கம்தான் அது. சில மாதங்கள் தள்ளிப்போட உதவலாம், கிழிந்த சீலை அது ஒட்டாது. சிலிகான் பசையை அள்ளிப் பூசுவது அதைவிட மோசம். உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து பம்பின் உறிஞ்சுவாய் வலையை அடைத்துவிடும்.

சரக்கு லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முதல் நாள் மட்டும் எஞ்சினைக் கழுவிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கழுவியது நல்லதுதான், அப்போதே மேலிருந்து கீழாகத் தேடியிருந்தால் இன்னும் நல்லது.

தரையில் விழுந்த எண்ணெய் என்ன ஆகிறது? பட்டறைகளில் மரத்தூள் தூவிக் கூட்டுகிறார்கள். மரத்தூளின் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கால்வாயில் தள்ளிவிடுவதுதான் தவறு. செந்தூல் பகுதியின் மழைநீர் பத்து ஆற்றுக்கும் கோம்பாக் ஆற்றுக்கும் போகிறது. மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் கலந்து, கிள்ளானைக் கடந்து கடலுக்குப் போகிறது. மழை முடிந்ததும் சாலையோர நீரில் வானவில் நிறம் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளித்த ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றும் நிறம் அது. படிவம் நான்கில் படிக்கும் அலைக் குறுக்கீடுதான். 0.3 மைக்ரோமீட்டர் தடிப்பிலேயே இந்த நிறம் தெரியத் தொடங்கும். அந்தத் தடிப்பில் ஒரு லிட்டர் எண்ணெய் பரவினால் 3,300 சதுர மீட்டரை மூடும், கிட்டத்தட்ட அரைக் காற்பந்துத் திடல். நம் நிமிடத்துக்கு ஒரு சொட்டு லோரி, மாதத்தில் முக்கால் திடலை நிறமாக்கிவிடும்.

மலேசியச் சட்டப்படி பழைய எஞ்சின் எண்ணெய் வெறும் குப்பையல்ல. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் அதற்கு எஸ்டபிள்யூ 305 என்று தனி எண் உண்டு. எண்ணெய் துடைத்த துணிக்கும் கழற்றிய வடிகட்டிக்கும் எஸ்டபிள்யூ 410. பட்டறைகள் இவற்றைப் பெயரும் தேதியும் எழுதிய பீப்பாயில் மூடி வைத்து, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த முறை பட்டறைப் பக்கம் போனால் அந்தப் பீப்பாயில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள்.